லாரியில் ஏறிய சமையலறை

புது வீட்டுக்குள் நுழைந்த டோனா திடுக்கிட்டாள். சமையலறையைக் காணவில்லை! போன மாதம் வீடு பார்க்க வந்தபோது அடுப்பும் அலமாரியும் பளபளத்த இடத்தில், சுவரிலிருந்து இரண்டு குழாய்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"திருட்டு!" என்று கத்தினாள்.

"திருட்டில்லைம்மா. ஜெர்மனியில இதுதான் வழக்கம்," என்றார் வீட்டுக்காரர் ஹெல்முட். "காலி பண்றவங்க அவங்க போட்ட சமையலறையைக் கழற்றிக்கிட்டுப் போவாங்க."

"கக்கூஸையாவது விட்டுவைச்சாங்களா?"

"அது என்னுது," என்றார் பெருமையாக.

டோனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்காக அமெரிக்காவிலிருந்து அவள் மட்டும் முன்னால் வந்திருந்தாள். சமையலே உயிரான கணவன் ரேமண்ட், 'நல்ல கிச்சன் அமைஞ்சா வர்றேன், இல்லேன்னா நீ திரும்பி வா' என்று கறாராகச் சொல்லியிருந்தான்.

தடதடவென்று படியிறங்கினாள். வாசலில் திறந்த லாரி. அதில் அவளுடைய சமையலறை! தாவி ஏறி சமையல் மேடைமேல் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"இறங்குங்க மேடம், இது எங்க சாமான்," என்று கெஞ்சினான் பழைய குடித்தனக்காரன்.

"மாட்டேன்! அடுப்பங்கரையை முதுகுல தூக்கிட்டுத் திரிய நீங்க என்ன நத்தையா?"

அவன் உதட்டைப் பிதுக்கிவிட்டு, முன்னால் போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டான்.

கைப்பேசி அலறியது. வீடியோவில் ரேமண்ட். "சாவி வாங்கியாச்சா? முதல்ல கிச்சனைக் காட்டு!"

டோனா அடுப்பைக் காட்டினாள். அலமாரியைத் திறந்து காட்டினாள். பாத்திரத் தொட்டியைத் தட்டிக்கூடக் காட்டினாள்.

"பிரமாதம்! நாளைக்கே டிக்கெட் போடறேன்," என்றவன், திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தான். "ஆமா... உனக்குப் பின்னால மரமெல்லாம் ஏன் ஓடுது?"