மேசைமேல் ஏறிய விஞ்ஞானி

விஞ்ஞானிகள் "தெரியாது" என்று சொன்னால் ஜனங்கள் பதறுகிறார்களாம். அதனால் நேரலையில் யாராவது அப்படிச் சொன்னால், ஒரு கருவி அவர்கள் குரலிலேயே அதை மாற்றிச் சொல்லிவிடும்.

வானிலை விஞ்ஞானி செண்பகவல்லி நேற்று, "ஏரி உடையுமான்னு தெரியாது, எதுக்கும் மாடிக்குப் போயிடுங்க" என்றுதான் சொன்னாள். டிவியில் அவள் குரல், "ஏரி உடையாது, நிம்மதியாக இருங்கள்" என்றது.

ஏரிக்கரையில் குடியிருக்கும் அக்கா கனகத்துக்கு இன்று போன் செய்தாள்.

"மாடிக்குப் போயிடுக்கா."

"நீயே டிவில உடையாதுன்னு சொன்னியேடி!"

"அது நான் இல்லக்கா."

"உன் குரல் எனக்குத் தெரியாதா?" கனகம் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.

செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப்பிறந்தவளே தன்னை நம்பாமல் தன் குரலை நம்புகிறாள்!

மாலை நேரலையில் நெறியாளர் மறுபடி கேட்டார்: "ஏரி உடையுமா மேடம்?"

"தெரியாது."

எதிரே இருந்த திரையில் அவள் குரல், "உடையவே உடையாது" என்றது.

அவள் எழுந்தாள். செருப்பைக் கையில் எடுத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாற்காலியில் கால் வைத்து மேசைமேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மேடம், என்ன பண்றீங்க? லைவ் போயிட்டிருக்கு, இறங்குங்க!"

அவள் வாயே திறக்கவில்லை. மாற்றிச் சொல்லக் கருவிக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

கைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். கனகம்தான். மூச்சு வாங்கப் பேசினாள்.

"தெருவே மாடி ஏறிடுச்சுடி. நீ இறங்காத."