வீரன் பாதி, வைத்தியன் பாதி

“இந்தத் தடவை நான் வீரனா மேல ஏறல. வைத்தியனையும் சேத்துக்கறேன்” என்றான் பாண்டியன்.

வாய்க்குக் கொண்டுபோன பஜ்ஜியை ஹேமநாதன் அப்படியே தட்டில் வைத்தான்.

பட்டாபிராமில் பாண்டியன் வீட்டு ஹாலில் ஞாயிறு மதியம் நடக்கும் ஆட்டம் அது. ஆளுக்கொரு வேடம். பாண்டியன் வாள் வீரன், வெற்றிச்செல்வன் திருடன், ஹேமநாதன் வைத்தியன். பாண்டியனின் மனைவி ஜோதிகா கதை சொல்லிக்கொண்டே போவாள். ஆட ஆட அவரவர் வேடம் படிப்படியாக மேலே ஏறும், படிக்கொரு புது வித்தை கிடைக்கும். அரக்கன் வந்தால் யார் பிழைப்பது, யார் விழுவது என்று பகடைதான் சொல்லும். விழுந்தவனை மந்திரம் போட்டு எழுப்ப வைத்தியன் வேண்டும். அதனால் ஹேமநாதன் வராவிட்டால் அன்றைக்கு ஆட்டமே கிடையாது. அதில் அவனுக்குக் கொஞ்சம் கெத்துதான்.

“இன்னா மச்சான், நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் குந்திகினு கீறேன். இன்னொரு வைத்தியன் இன்னாத்துக்கு?”

“சும்மாதான்டா. ஒரு ஆசை.”

“ஒரு வேஷத்துல ஏறுறதை உட்டுட்டு இன்னொண்ணுல ஆரம்பத்துலேர்ந்து வருவே. வாளும் வளராது, வைத்தியமும் அரைகுறை. ரெண்டுங்கெட்டான்.”

“இருந்துட்டுப் போறேன்.”

வெற்றிச்செல்வனுக்கும் மனசு கேட்கவில்லை. “மாமே, ஒரே மூச்சுல ரெண்டு வெட்டு வெட்டற வித்தை இப்பத்தான் உனக்கு வரணும். எத்தனை மாசமா அதையே சொல்லிகினு இருந்தே! இப்போ வேணான்றியே?”

“அது மெதுவா வரட்டும்.”

ஹேமநாதனுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. போன மாதம் அவனுக்கு ஜுரம் வந்து வராமல் போனதில் ஆட்டம் நின்றது. அதை மனசில் வைத்துக்கொண்டுதான் இதெல்லாம்.

“நேரா சொல்லிடு பாண்டியா. என்னைக் கழட்டி வுடப் பாக்கறே. அதானே?”

“அண்ணா, அப்படி இல்லண்ணா, உங்க—” என்று ஜோதிகா ஆரம்பித்தாள்.

பாண்டியன் அவளைப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் ஹேமநாதனுக்குச் சந்தேகமே போய்விட்டது. புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள்!

“இல்லன்னா, முன்னாடி நின்னு அடி வாங்க பயமா கீதுன்னு ஒத்துக்கோ. பின்னாடி ஒளிஞ்சிகினு மந்திரம் போடலாம்னு பாக்கறியா? இத்தினி நாளா எத்தனை வாட்டி செத்து விழுந்தே, யாரு எழுப்புனது? நன்றி கெட்டவன்டா நீ!”

வெற்றிச்செல்வன் எழுந்து நின்றுவிட்டான். “டேய், ஒரு விளையாட்டுக்குப் போய்...”

“நீ சும்மா இரு. இனிமே இவனே வைத்தியம் பாக்கட்டும். நான் வரல.”

பாண்டியன் முகம் சிவந்து போயிற்று. ஆனாலும் “பாத்துப் போடா. ரோட்டுல வேகமாப் போவாதே” என்றான்.

அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆவடி தாண்டி, பூந்தமல்லி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வண்டியை முறுக்கிக்கொண்டு, வழியெல்லாம் பாண்டியனைத் திட்டிக்கொண்டே நூம்பல் வந்து சேர்ந்தான்.

உள்ளறையில் அவன் மனைவி கோமளா ஒற்றை ஆளாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்து படுக்கையோடு கிடக்கும் மாமனாரை ஒருக்களித்துப் படுக்க வைக்க முயன்றுகொண்டிருந்தாள்.

அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“அட, இன்னிக்கே அனுப்பிட்டாரா!”

“யாரு?”

“பாண்டியன் அண்ணந்தான். கோச்சுக்காதீங்க, நான்தான் அவருக்குப் போன் பண்ணேன். மாமாவைத் தனியா புரட்ட என்னால முடியலைங்க, இடுப்பு வுட்டுப் போவுது. ‘ஞாயித்துக்கெழமை ஒரு நாளாச்சும் அவரை ஊட்டுல இருக்க வுடுங்கண்ணா. அவரு வரலைன்னாலும் உட மாட்டேங்கறீங்களாமே, சண்டை போட்டுக் கூப்புடறீங்களாமே, அவரே வேற வழியில்லாமதான் வராரு’ன்னு கேட்டுட்டேன்.”



யாரும் அவனை ஒரு நாளும் சண்டை போட்டுக் கூப்பிட்டதில்லை. அப்பா இப்படிக் கிடக்கிறார் என்பதையே அவன் அங்கே வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் ‘போய் அப்பாவைப் பாருடா’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்களே!

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து, அப்பாவின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் திருப்பினான். படுக்கைப் புண் வரத் தொடங்கிய முதுகை இன்றைக்குத்தான் அவன் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறான்.

தலையை நிமிர்த்தாமலே கேட்டான். “அதுக்கு அவன் இன்னா சொன்னான்?”

“இன்னாமோ, ‘அவன் வேலையை நான் கத்துக்கறேம்மா, அப்புறம் அவனை வுட்டுடலாம்’னாரு. எனக்கு ஒண்ணும் புரியல” என்று போர்வையை இழுத்து விட்டாள் கோமளா. “ஆனா மனுஷன் நல்லவருங்க. ‘ஆமாம்மா, அவன் வரமாட்டேன்னுதான் சொன்னான். நாங்கதான் புடிச்சி இழுத்துகினு வந்தோம், தப்பு எங்க மேலதான்’னு என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு.”