தபா, சோட்

காலையில் கிளட்ச் பிளேட்டைப் பக்கம் மாற்றி மாட்டியது ஜமாலேதான். கியர் விழவில்லை. சேசுராஜ் இருந்திருந்தால் பார்த்தவுடன் சொல்லியிருப்பார். தாராவி கேரேஜை இருவரும்தான் நடத்தினார்கள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் சேசுராஜ் மாரடைப்பில் போய்விட்டார். இது அவருடைய கார்.

“வண்டிய வாங்குன ஐரோலிக்காரங்க சாயங்காலம் எடுக்க வாராங்கண்ணே,” என்று அவர் மனைவி லூர்து மேரி போனில் சொன்னாள்.

ஜமால் மறுபடி கியர்பாக்ஸை இறக்கினார். பிளேட்டைத் திருப்பி, நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. வண்டிக்கு அடியில் குழிக்குள் நின்றபடி, பழக்கத்தில், “தபா” என்றார். கீழே நிற்பவர் ‘தபா’ என்றால் சீட்டில் இருப்பவர் பெடலை மிதிக்க வேண்டும். ‘சோட்’ என்றால் விட வேண்டும்.

காரில் யாரும் இல்லை. பெடலை மிதித்தால் மட்டும் அசையும் கிளட்ச் ஃபோர்க் நகர்ந்தது. சரியாகவே நகர்ந்தது.

“சோட்,” என்றார். ஃபோர்க் திரும்பவில்லை. மறுபடி சொன்னார். அப்படியே நின்றது.

ஜமால் கியர்பாக்ஸில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

“போதும் வே. விட்டுரும்.”

ஃபோர்க் மெதுவாகத் திரும்பியது. பிறகு, ஆள் இறங்கினால் எழும்புவதுபோல, தலைக்கு மேல் வண்டி லேசாக எழும்பியது.