ஃபிளாஸ்க் மூடி

“உங்கடை பஸ் வெளிக்கிடப்போகுது, கெதியா ஏறுங்கோ!”

“உம்மடை ரயில் வரட்டும், பிறகு ஏறுறன்.”

“மகள் ஏசுவாள்.”

“ஏசட்டும். உம்மைவிடவே ஏசப்போறாள்?”

மகள் வீட்டில் அருளம்பலம், மகன் வீட்டில் அவர் மனைவி பூரணம் என்று பிள்ளைகள் பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில், ரயிலும் பஸ்ஸும் ஒரே கூரைக்குள் வந்துபோகும் இந்த இங்கிலாந்து நகரத்து நிலையத்தில், மாதம் ஒருநாள் இரண்டு மணிநேரம் குடும்பம் நடத்தினார்கள்.

“வாற மாசம் என்னை எதிர்பார்க்காதேங்கோ. முழங்கால் ஏலாது.”

அருளம்பலம், அவள் கொண்டுவந்த தேநீர் ஃபிளாஸ்கை அவளுடைய பைக்குள் வைத்தார். மூடியை மட்டும் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே ரயிலேறினாள். கதவு சாத்துமுன் திரும்பினாள்.

“இஞ்சாருங்கோ, வாற மாசம் மூடியை மறக்காமல் கொண்டுவாங்கோ.”