களவா நீந்தும்வரை

பிடிக்கக்கூடாத களவா மீன் வயிறு ஊதி, கண் பிதுங்கித் தூண்டிலில் வந்தது. அதை ஆழத்துக்கே இறக்கிவிட வேண்டும்; அங்கே அது உயிரோடு நீந்துவதை, இறக்கும் கொக்கியிலுள்ள கேமரா பார்த்தால்தான், தானாக நின்றுபோன படகின் இன்ஜின் மறுபடி ஓடும். சட்டம் அப்படி. தம்பி பிரிட்டோவோ நெஞ்சைப் பிடித்தபடி பலகையில் சுருண்டு கிடந்தான்.

ஜெரோம் மீனின் தாடையில் அந்த எடைகட்டிய கொக்கியை மாட்டி மெல்ல இறக்கினான். அவசரப்பட்டால் தாடை கிழிந்துவிடும்.

"அண்ணே, மூச்சு முட்டுது."

"பேசாம கெட மக்கா. இப்பப் போயிரலாம்."

அடியில் கொக்கி விடுபட்டது. இன்ஜின் அசையவில்லை. ஜெரோம் கண்ணை மூடி மாதாவிடம் முணுமுணுத்தான்.

சற்றுப் பொறுத்துப் படகு அதிர்ந்தது. சுக்கானைக் கரைப்பக்கம் திருப்பினான்.

"எனக்காகவாண்ணே வேண்டுன?" என்றான் பிரிட்டோ.

ஜெரோமுக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

"மீனுக்காகத்தான்ல வேண்டுனேன்."