ஆறாவது பெயர்

கார்கில் போரில் இறந்த ஆறு பேரின் பெயர்களை வருடாவருடம் முசிறி ஸ்கூல் மைதானத்தில் வாசிப்பார்கள். வீட்டார் எழுந்து, "உள்ளேன் ஐயா" என்பார்கள். இந்த வருடம் அவர்கள் வாய் திறக்குமுன், காலியாக விட்டிருந்த முன்வரிசை நாற்காலிகளிலிருந்து இறந்தவர்களே பதில் சொன்னார்கள். ஐந்து குரல்கள். புருஷன் குரலைக் கேட்டு வஹீதா அழுதேவிட்டாள்.

ஆறாவது, பெரியண்ணன். பதில் இல்லை. வீட்டிலும் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் அந்த மனுஷன் அசைவார் என்று பவுனம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள். நான்கு முறை கூப்பிட்டாயிற்று.

"அக்கா, அண்ணன் வரலியா?" என்றாள் வஹீதா.

"செத்திருந்தாத்தானே வருவாரு!"

திறக்கக்கூடாதென்று சீல் வைத்து வந்த பெட்டியை நம்பி, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் இருபத்தாறு வருடம் திதி கொடுக்கவைத்தவள், எழுந்துபோய் மேடையில் வைத்திருந்த அவர் படத்திலிருந்து மாலையைக் கழற்றினாள்.