கட்டிலுக்கு அடியில் போகும் டிரெட்மில்

"அம்மா ஒரு தடவை ஏறி நடந்து பாக்கட்டும்" என்கிறேன். கடையில் அதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று வீட்டிலேயே அப்பா சொல்லியிருந்தார். பக்கவாதம் வந்தபின் அம்மா இடதுகாலை இழுத்து நடப்பதை நாலு பேர் பார்த்துவிடக் கூடாதாம். தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தெருவுக்கு விடாமல் நடக்க வைக்கத்தான் இந்த டிரெட்மில். விற்பனையாளர் மடக்கிக் காட்டுகிறார். "கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா இருக்கிற இடமே தெரியாது சார்." கட்டில் உயரத்துக்கு முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்த கயிற்றை அப்பா அதன் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிறார். முகமெல்லாம் திருப்தி. விற்பனையாளர் மறுபடி விரித்துப் போட, அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறாள். விளக்கு வெளிச்சத்தில் கறுப்புப் பட்டை மெல்ல ஊர்கிறது. அவள் கை பிடிமானம் தேடி வெறும் காற்றில் அலைகிறது. நான் தோளைக் கொடுக்கிறேன்.

"கைப்பிடி வெச்சது இருக்கு. ஆனா கட்டிலுக்கு அடியில போகாதுங்க" என்கிறார் விற்பனையாளர்.

"அது வேணாம். வர்றவங்க என்னன்னு கேப்பாங்க" என்கிறார் அப்பா.

"எறங்கும்மா. நடந்தே வீட்டுக்குப் போலாம்."

அப்பா பல்லைக் கடிக்கிறார். "வீட்டுல முதல் டிகிரி. என்னை எதுத்துப் பேசத்தான் படிச்சியா?"

"ஆமா."

அம்மா செருப்பை மாட்டிக்கொள்கிறாள். "வேகமாப் போகாதடி" என்கிறாள். அவள் கையைப் பிடித்தபடி கண்ணாடிக் கதவைத் தள்ளுகிறேன்.